பைக்குள் விழுந்தது

அது லெந்து நாட்களின் நான்காம் ஞாயிறா, ஐந்தாம் ஞாயிறா, சரியாக நினைவில்லை.

அவள் கை பைக்குள் போனது நினைவிருக்கிறது.

எங்கள் கோவிலில் காணிக்கைப் பை பிடிப்பவன் நான். சிவப்பு வெல்வெட் பை. யார் எவ்வளவு போடுகிறார்கள் என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியக் கூடாது. அதனால் கையை மணிக்கட்டுவரை உள்ளே விட்டு எடுக்க வேண்டும்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு என்று ஒரு மாதமாக அவள் ஒருவேளைதான் சாப்பிட்டாள். விரல்கள் மெலிந்திருந்தன.

கை உள்ளே போகும்போது மோதிரம் இருந்தது.

வெளியே வரும்போது இல்லை.

கொடுத்தாளா, நழுவியதா? கண்ணை மூடியிருந்தாள். கேட்பது முறையாகப் படவில்லை. அடுத்த வரிசைக்குப் போய்விட்டேன்.

புதன்கிழமை அவள் வீட்டு வழியாக வந்தேன். சாக்கடை மூடியைத் திறந்து கம்பால் கிளறிக்கொண்டிருந்தாள். பின்னால் மாமியார் சுந்தரபாய் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"நான் போட்ட மோதிரம்ட்டி. அது இல்லாம வீட்டுக்குள்ள கால வைக்காத."

அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

வெயில் அதிகம் என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு போதகர் அந்த மோதிரத்தை விரல்நுனியில் உயர்த்திப் பிடித்தார். பெயர் சொல்லாத ஒரு சகோதரியின் காணிக்கை, என்றார்.

பெண்கள் பக்கத்தில் அவள் எழுந்தாள்.

கேட்டு வாங்கத்தான் எழுந்தாள். வாயும் திறந்தது. போதகர் முந்திக்கொண்டார்.

"நீங்க மறைச்சீங்கம்மா. கர்த்தர் உங்கள எழுப்பி நிறுத்திட்டாரு."

சபை முழுவதும் ஸ்தோத்திரம் சொன்னது.

அவள் மாமியாரைப் பார்த்தாள். அதனால் எல்லோரும் மாமியாரைப் பார்த்தார்கள்.

சுந்தரபாய் ஒரு தங்க வளையலைக் கழற்றினார். மற்றது எலும்பில் சிக்கிக்கொண்டது. இரண்டு முறை இழுத்தார். கர்த்தருக்கு ஒன்று போதும் என்பதுபோல் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

அவள் உட்கார்ந்தாள்.

மறுநாளே ஆட்கள் வந்தார்கள். பிள்ளையின் காய்ச்சல். மகளுக்கு வரன். பத்தாம் வகுப்பு ரிசல்ட். மோதிரம் கொடுத்தவள் ஜெபித்தால் கேட்கப்படும் என்றார்கள். அவளுக்கு வாய்விட்டு ஜெபிக்கத் தெரியாது. முதலில் வந்தவருக்கு, எல்லோருக்கும் மனப்பாடமான பரமண்டல ஜெபத்தையே மூன்று முறை சொல்லி அனுப்பினாளாம்.

மறுப்பதற்கு வழியில்லை. மறுத்தால் மோதிரத்தின் கதையைச் சொல்ல வேண்டும்.

போகப்போகச் சொற்கள் வந்தன.

அடுத்த ஆண்டு லெந்தில், அவள் கை உள்ளே இருக்கும்போது பைக்குள் ஏதோ கிணுங்கியது.

நான் நகரவில்லை.

"காசுதான் அண்ணாச்சி," என்றாள், கண்ணைத் திறக்காமல். "இந்தத் தடவையும் பேசாமலே போங்க."

மோதிரமும் வளையலும் கோவில் கூரைக்குப் போயின. இப்போது ஒழுகுவதில்லை. போதகர் வேறு ஊருக்கு மாற்றலானார். சுந்தரபாய் போன வருடம் இறந்தார். அந்த இன்னொரு வளையல் கடைசிவரை கழலவில்லை.

அவள் வீட்டு வாசலில் இன்றும் செருப்புகள் கிடக்கின்றன.

என் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்த ஒன்பது நாளும் என் செருப்பும் அங்கே கிடந்தது.

மனைவி பிழைத்துக்கொண்டாள்.