துரைக்கண்ணுவின் கருணை மனு

போர்முனையில் கேப்டன் துரைக்கண்ணு சொன்ன பொய்ச் சாட்சியை நம்பித்தான், இருளப்பனின் தம்பி மருதையனைப் போரிலிருந்து ஓடிப்போனவன் என்று சுட்டுக் கொன்றார்கள். அவனைப் புதைக்கக் குழி வெட்டச் சொன்னதும் அதே பட்டாளத்தில் இருந்த இருளப்பனைத்தான். அவர் பட்டாளத்தை விட்டு வந்து சட்டம் படித்தார். பேர்பெற்ற வக்கீலாகி, தேர்தலில் ஜெயித்து, சட்ட அமைச்சரும் ஆனார். இன்று அதே துரைக்கண்ணு கிழவராகி எதிரே கைகூப்பி நின்றார். அவர் மகனுக்குத் தூக்கு.

“எவனோ பொய்ச் சாட்சி சொல்லிட்டான்யா. என் பையன் ஒரு பாவமும் அறியாதவன்.”

வழக்கைப் படித்திருந்த இருளப்பனுக்கும் அது தெரியும். கருணை மனுவைப் பரிந்துரைத்துக் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தவர் கேட்டார்: “உங்க பட்டாளத்துல மருதையன்னு ஒரு சிப்பாய். ஞாபகம் இருக்கா?”

கிழவர் உண்மையாகவே யோசித்தார்.

“இல்லீங்களேய்யா.”

இருளப்பன் பேனாவை மூடினார்.

“நல்லா யோசிச்சுப் பாருங்க. தூக்குக்கு இன்னும் நாள் இருக்கு.”