பதினெட்டாவது பெயர்

பனியன் கம்பெனி ஆபீசில் கோப்பைத் திறந்தவள் அதை மேலும் கீழும் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தாள்.

எக்செல் ஷீட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்களும் கறுப்பாக இருந்தன. காலையில் அதில் பதினெட்டு சிவப்பு.

கன்ட்ரோல் இசட் அழுத்தினாள். மூடித் திறந்தாள். மெயிலில் தேடினாள், பென்டிரைவில் தேடினாள். பழைய பிரதி எங்கும் இல்லை.

கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர் போனில் சிரித்தார். "சி.எஸ்.வி.யா சேவ் பண்ணிட்டீங்களா? அது எழுத்தை மட்டுந்தாங்க வச்சுக்கும். கலரு போனது போனதுதான்."

புது வருகைப்பதிவு மென்பொருள் அப்படித்தான் கேட்டது. அவள் என்ன செய்வாள்?

சிவப்பு என்றால் அடுத்த மாதம் வேலை இல்லை. அதை மேனேஜர் ஒரு வார்த்தையாகக்கூட எழுதமாட்டார். எழுதினால் நாளைக்கு எவனாவது காட்டிக் கேள்வி கேட்பான். நிறத்தை யார் கேட்பது? மகா கெட்டிக்காரர்.

பயந்துகொண்டே அவரைப் போனில் கூப்பிட்டாள்.

"ஏம்மிணி, பதினெட்டுப் பேருங்கறது ஞாபகம் இருக்குது. யாரு எவருன்னு எனக்கென்ன தெரியும்? நீ பார்த்தவதானே, நாலு மணிக்குள்ள சிவப்புப் பண்ணி அனுப்பீரு."

வைத்துவிட்டார்.

அடப்பாவி. ஒரு பெயர்கூடவா?

அவளுக்குப் பதினெட்டும் மனப்பாடம். மூன்று நாளாகத் தூக்கத்தில்கூட அந்தப் பெயர்கள்தான்.

ஒவ்வொன்றாகச் சிவப்பாக்கினாள். கட்டிங் மாஸ்டர் பொன்னுச்சாமி. அயர்ன் போடும் சின்னராசு.

நூற்றுப் பதினான்காவது வரிசையில் கை நின்றது.

தெய்வானை. செக்கிங் பிரிவு. ஒரே வேனில் வருகிறவள். மூன்று நாளும் அவள் டப்பாவிலிருந்து குழம்பு வாங்கித் தின்றுவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் கை கழுவியாயிற்று.

கறுப்பாகவே விட்டாள்.

யாருக்குத் தெரியப்போகிறது!

மற்றவர்களை முடித்துவிட்டு எண்ணிப் பார்த்தாள். பதினேழு.

மேனேஜருக்குப் பெயர்தான் தெரியாது. எண்ணிக்கை தெரியும்.

மணி மூன்றே முக்கால்.

இன்னொரு பெயருக்காகப் பட்டியலில் மேலிருந்து மறுபடி இறங்கினாள். ஒன்பதாவது வரிசையில் அவளுடைய சொந்தப் பெயரே இருந்தது. வேகமாகத் தாண்டினாள்.

ரத்தினா, கைக்குழந்தைக்காரி. நஞ்சப்பன், போன மாதம்தான் மகளுக்கு நிச்சயம் செய்தவர். எல்லாருக்கும் ஒரு முகம் இருந்து தொலைத்தது.

கடைசியில் ஒடிசாக்காரர்கள். கம்பெனி ஹாஸ்டலில் தங்கி நைட் ஷிப்ட் பார்க்கிறவர்கள். அவளே டைப் அடித்த பெயர்கள்தான்.

லிங்கராஜ் பெஹரா.

யார் இவன்? உயரமானவனா? சேர்ந்த அன்று படிவத்தோடு அவள் மேஜைக்கு எதிரே நின்றிருப்பான்.

தெரியவில்லை. நல்லவேளை என்று நினைத்தாள். நினைத்ததும் தன்மேலேயே காறித் துப்பத் தோன்றியது.

முகம் ஞாபகம் வந்துவிடுவதற்குள் சிவப்பை அழுத்தினாள்.