பால் வண்டிப் புண்ணியம்

"அது நம்ம இஸ்திரிக்காரம்மா இல்ல?"

மாமியார் கை காட்டிய பக்கம் எல்லோரும் திரும்பினார்கள். பால் வண்டி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனது. டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் சாட்சாத் அவர்தான்.

"நம்மளப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க பாருங்க" என்றாள் மருமகள்.

நடக்க ஆரம்பித்த எட்டு நாளில் மாமியாரும் மருமகளும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

இஸ்திரிக்காரம்மாவையும் சேர்த்து ஐந்து பேராகக் கிளம்பிய பாதயாத்திரை. மலைக்கோயிலுக்கு இன்னும் மூன்று நாள் பாக்கி. அன்றைக்கு மட்டும் இருபத்து நாலு கிலோமீட்டர். பதினைந்து முடிந்து, வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"நடந்தே வர்றேன்னு சாமிகிட்ட வேண்டிக்கிட்டு வண்டியில ஏறுறதும், பரீட்சையில பிட் அடிக்கிறதும் ஒண்ணுதான்" என்றார் ரிட்டயர்டு டிரில் மாஸ்டர்.

"ஆண்டவனுக்கே கடுக்காய் கொடுக்கறாங்க சார்" என்றார் பல் டாக்டர்.

வழக்கமாகக் கடைசி ஒன்பது கிலோமீட்டரில் யாருக்கும் பேச்சு எழாது. முக்கல் முனகல்தான். அன்றைக்கு அந்தப் பேச்சே நாலு பேரையும் விடுதி வரை நடத்திக் கூட்டிக்கொண்டு போனது.

விடுதி முற்றத்தில் இஸ்திரிக்காரம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"வந்துட்டீங்களா? வெந்நீர் போட்டு வச்சிருக்கேன். உப்பும் கரைச்சிருக்கு. கால ஊற வைங்க."

நாலு பேரும் நாலு வாளியில் காலை வைத்துக்கொண்டார்கள். அப்படியே விசாரணையும் ஆரம்பமானது.

"வண்டியில வந்தீங்களா?"

"ஆமா சார்."

"கால் வலியா?"

"இல்ல சார்."

"உடம்பு ஏதாவது..."

"எனக்கு ஒண்ணுமில்ல சார். வழியில ஒரு பொண்ணு..."

"வழியில ஆயிரம் இருக்கும்மா" என்று மறித்தார் டிரில் மாஸ்டர். "மனசுல கட்டுப்பாடு வேணும். முப்பத்தோரு வருஷம் ஆயிரக்கணக்கான பசங்களை வெயில்ல நிக்க வச்சவன் நான். ஒருத்தன் நிழலுக்கு ஒதுங்கினது கிடையாது."

அரை மணி நேரம் பேசினார். இஸ்திரிக்காரம்மா நின்றபடியே கேட்டுக்கொண்டார். கடைசியில், "தண்ணி ஆறிடுச்சு சார். இன்னும் கொஞ்சம் சூடா ஊத்தட்டுமா?" என்றார்.

"ஊத்துங்க" என்றார் டிரில் மாஸ்டர்.

சாப்பாடு முடிந்து இஸ்திரிக்காரம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது முதலில் வந்தது பல் டாக்டர்.

"அந்தப் பால் வண்டிக்காரர் நம்பர் இருக்காம்மா? எனக்கில்ல. ஆத்திர அவசரத்துக்கு ஒண்ணு கையில இருந்தா நல்லது பாருங்க."

அடுத்து மாமியார். "என் மருமக துவண்டு போயிட்டா. பாவம், வாயத் திறந்து சொல்ல மாட்டா. அவளுக்காகத்தான் கேக்கறேன்."

அவர் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கத்திலிருந்து மருமகள். "அத்தைக்கு வயசாச்சுக்கா. அவங்களுக்காகத்தான் நம்பர் கேக்கறேன்."

டிரில் மாஸ்டர் கடைசியாக வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தார்.

"அந்த டிரைவர் நம்பரைக் கொடுங்க. கூப்பிட்டுக் கண்டிக்கணும்."

இஸ்திரிக்காரம்மா நாலு பேருக்கும் நம்பரைச் சொன்னார். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் காலை ஐந்தரை மணி. விடுதியின் பின்பக்கச் சந்தில் பால் வண்டி நின்றது. நாலு பேரும் தனித்தனியாக போன் செய்து, ஒரே மாதிரி சொல்லியிருந்தார்கள். "பின்பக்கம் வாப்பா. ஹாரன் அடிக்காதே."

மாமியார் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பூனை போல வந்து கதவைத் திறந்தார்.

"வாங்க அத்தை" என்றாள் உள்ளே உட்கார்ந்திருந்த மருமகள்.

பல் டாக்டர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வந்து ஏறினார். ஏறிய பிறகு துண்டை எடுப்பதா வேண்டாமா என்று அவருக்கே தெரியவில்லை. டிரில் மாஸ்டர் வந்து, மூன்று பேரையும் பார்த்தார். பிறகு முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.

"நேத்து வந்த அந்தம்மா வரலையா சார்?" என்று கேட்டார் டிரைவர். "அந்தப் பொண்ணு எப்படி இருக்குன்னு கேக்கலாம்னு பார்த்தேன்."

"எந்தப் பொண்ணு?" என்றார் டிரில் மாஸ்டர்.

"அந்தம்மாவுக்கே முன்னப்பின்ன தெரியாத பொண்ணுதான் சார். தனியா யாத்திரை வந்திருக்கு. நேத்து வெயில்ல சுருண்டு விழுந்துடுச்சு. அந்தம்மாதான் நடுரோட்டுல நின்னு வண்டிய மறிச்சாங்க. பொண்ணைப் பின் சீட்டுல படுக்க வச்சோம். வழியெல்லாம் திரும்பித் திரும்பி அதையே பார்த்துக்கிட்டு வந்தாங்க. ஆஸ்பத்திரியில சேர்த்து, அது கண்ணு முழிச்சப்புறம்தான் இங்க வந்தாங்க."

வண்டிக்குள் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மாமியார் மட்டும் மெதுவாகச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

டிரைவர் வண்டியைக் கிளப்பி, சந்தைவிட்டு மெயின் ரோட்டுக்குக் கொண்டுவந்தார். அப்போது விடுதியின் முன் கேட்டைத் திறந்துகொண்டு இஸ்திரிக்காரம்மா வெளியே வந்தார். தோளில் பை. கேட்டைச் சாத்திவிட்டு, வந்த வழியிலேயே விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தார்.

டிரில் மாஸ்டர் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"அம்மா, எங்க போறீங்க? கோயில் இந்தப் பக்கம்."

"தெரியும் சார்" என்றார் இஸ்திரிக்காரம்மா. "நேத்து நான் வண்டியில ஏறின இடம் இந்தப் பக்கம்ல இருக்கு. விட்ட இடத்துலேர்ந்துதானே நடக்கணும்."