ஒன்றரை நிமிட அமைதி

'14.10.2025, செவ்வாய். மாலை 6.42 முதல் ஒன்றரை நிமிடம் ஒலிபரப்பில் சத்தமே இல்லை. என் கவனக்குறைவு. ஜெயசுதா, அறிவிப்பாளர்.'

எழுதி முடித்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, நேரத்தை இன்னொரு தடவை சரிபார்த்தாள் ஜெயசுதா. மூன்று வருஷத்தில் வானொலி நிலையத்தின் பதிவேட்டில் அவள் பெயரில் ஏறும் முதல் தவறு.

இதற்கு முந்தைய பக்கத்தில் இருந்தது, போன மாதம் கரண்ட் போய்ப் பாதியில் நின்ற அவிநாசி தேவாரக் கச்சேரி. மறுநாள் அதை முழுசாகப் போட்டு, வருத்தமும் தெரிவித்தார்கள்.

நிலைய இயக்குநர் தரணீதரன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க ஜெயசுதா, அந்தம்மா பேச்சை வெட்டச் சொன்னேன். வெட்டினீங்க, சரி. அந்த இடத்துல ஒரு பாட்டைப் போட்டு மூடத் தெரியாதுங்களா? ரேடியோ ரிப்பேருன்னு ஊரே தட்டிப் பார்த்திருக்கும்!"

"பதட்டத்துல கை ஓடலீங்க சார்."

பாட்டு என்னவோ கணினியில் ஏற்றித் தயாராகத்தான் இருந்தது. ஒரு பட்டனை அழுத்தினால் போதும்.

அந்தம்மா என்றது வெள்ளையம்மாளை. ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அவள் தளத்தில் அறுபது பெண்களுக்கு ஒரே ஒரு டோக்கன். சூப்பர்வைசர் அதைக் கையில் கொடுத்தால்தான் கழிவறைக்குப் போகலாம். ஜெயசுதா நடத்தும் 'தையல் மேசை' நிகழ்ச்சிக்காகத் தன் பேரைச் சொல்லியே அதைப் பேசியிருந்தாள்.

"பயமா இல்லீங்களாக்கா?" என்று பதிவின்போது ஜெயசுதா கேட்டாள்.

"நீ போடாம விட்டுருவியோன்னுதான் பயமா இருக்கு" என்று சிரித்தாள் வெள்ளையம்மாள். கட்டாயம் வரும் என்று வாக்குக் கொடுத்தாள் ஜெயசுதா.

இன்று மத்தியானம் இயக்குநருக்கு யாரோ போன் செய்தார்கள். உடனே வெட்டச் சொல்லிவிட்டார். உத்தரவை எழுத்தில் கேட்டதற்கு, "வாயால சொன்னாப் பத்தாதுங்களா?" என்று முடித்துக்கொண்டார்.

மேசை போன் அடித்தது. வெள்ளையம்மாள்தான்.

"ஏம்மா சுதா, ஹாஸ்டல்ல அம்புட்டுப் பேரும் ரேடியோவச் சுத்தி உக்காந்திருந்தோம். என் முறை வந்ததும் சத்தத்தையே காணோம்." அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "உங்க ஆபீஸ்லயும் டோக்கன் வாங்கிட்டுத்தான் வாயத் தொறக்கணுமோ?"

"பதிவேட்டை முடிச்சுட்டுக் கூப்பிடறேனுங்கக்கா."

போனை வைத்துவிட்டு இயக்குநரைப் பார்த்தாள். "சார், கவனக்குறைவுங்கறதை அடிச்சுட்டு, 'இயக்குநர் சொன்னபடி வெட்டியது'ன்னு எழுதிரட்டுங்களா?"

"என் வேலைக்கு உலை வைக்காதீங்க கண்ணு! இந்தப் பக்கம் நாளைக்கே சென்னை ஹெட் ஆபீசுக்குப் போகுது."

"அப்பத் தவறுன்னே இருக்கட்டுங்களா?"

"தவறுன்னே இருக்கட்டும். வெறும் தவறு. தப்பே பண்ணாத ஆளு யாரு இருக்கா?" அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. பச்சை மைப் பேனாவை எடுத்து, அவள் வரிக்குக் கீழே நீளமாகக் கையெழுத்துப் போட்டார்.

கதவு வரை போனவர் திரும்பினார். "இன்னும் என்ன எழுதறீங்க?"

"கடைசிக் கட்டம் காலியா இருக்குங்க சார். தவறுன்னு எழுதினா அதையும் நிரப்பணும். இல்லீன்னா சென்னையில திருப்பி அனுப்பிருவாங்க."

தரணீதரன் வந்து குனிந்து படித்தார். படித்ததும் முகம் கறுத்தது.

"இதை அடிங்க. இப்பவே!"

"அடிக்கறேனுங்க சார். யாரு சொல்லி, எதுக்கு அடிச்சோம்னு பக்கத்துலயே எழுதி, நீங்க கையெழுத்துப் போடணும்." பேனாவை அவர் பக்கம் நீட்டினாள். "போடறீங்களா?"

தரணீதரன் பேனாவை வாங்கவில்லை. அவர் போட்ட பச்சைக் கையெழுத்து இன்னும் காயாமல் பளபளத்தது. அதன் பக்கத்தில், 'தவற்றுக்கு மறுநாள் செய்ய வேண்டியது' என்ற கட்டத்தில், ஒரே ஒரு வரி இருந்தது.

'நாளை, 15.10.2025, மாலை 6.42: விடுபட்ட வெள்ளையம்மாள் பேச்சு, மூலப் பதிவிலிருந்து, முழுமையாக.'