சூசை நின்ற வரிசை

நழுவும் முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி பாலக்கரைக் கோவிலுக்குள் ஓடிவருகிறாள் சவரியாயி. கேள்விப்பட்டது நிஜம்தான். பன்னிரண்டு வருஷமாகக் கோவில் படி மிதிக்காத அவள் புருஷன் சூசை, பொன்மலை ஒர்க்‌ஷாப் காக்கிச் சட்டையோடு, சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தன வரிசையில் நிற்கிறான். ஈஸ்டருக்கு முந்தைய தபசுகாலம்; சுரூபங்கள் எல்லாம் ஊதாத் துணிக்குள் ஒளிந்திருக்கின்றன. கண்ணாடி ஜன்னலின் சிவப்பு வெளிச்சம் அவன் நரைத்த கிருதாவில் விழுகிறது. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. எதிர்ப்பக்கம் முழங்காலில் இருக்கிறாள் அடுத்த வீட்டு ஞானப்பூ, கோவிலை விட்டவர்களைத் தேடிப்போய்ப் பேசும் மரியாயின் சேனைக்காரி. நேற்று ஒரே ஒரு தடவைதான் அவனிடம் பேசினாளாம். சவரியாயியின் விரல்களுக்குள் செபமாலை நெரிபடுகிறது. உருட்டி உருட்டித் தேய்ந்த மணிகள்! அவன் காதருகே போய்ச் சீறுகிறாள்.

“நான் அழுதப்ப வரலே. அவ சொன்னதும் ஓடியாந்துட்டீங்களோ? அப்படி என்னத்தைச் சொன்னா மகராசி?”

சூசை தலை நிமிரவில்லை.

“வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை வயித்து வலின்னு நீ சோத்தை ஒதுக்குறது வலியில்லையாம். எனக்காக நீ இருக்கிற ஒருசந்தி உபவாசமாம்.”