தையல் மெஷினுக்குப் பக்கவாத்தியம்

மதிய வெயில் ஒலிப்பதிவு அறையின் கண்ணாடியில் சாய்ந்து கிடக்கிறது. இசையமைப்பாளர் வீட்டில் பதிவுசெய்து கொண்டுவந்த, மனைவியின் தையல் மெஷின் ஓசை ஒலிபெருக்கியில் கடகடக்கிறது. அதன்மேல் வயலின் ராகம் இழைக்க, எலெக்ட்ரிக் கிட்டார் உறுமிக்கொண்டு பின்னால் வருகிறது. சட்டென்று மெஷின் நிற்கிறது, வாத்தியக்காரர்களும் நிறுத்துகிறார்கள். பதிவிலிருந்து மனைவியின் குரல்: "இந்த மனுஷனுக்கு வேற வேலையே இல்ல." மீண்டும் கடகடப்பு. "தெரியாம பதிவாயிருக்கு சார், வெட்டிடவா?" என்கிறார் ஒலிப்பதிவாளர். சாப்பாட்டுப் பையோடு அப்போதுதான் உள்ளே வந்த மனைவிக்குக் காது மடல் சிவக்கிறது. "முதல்ல அதை எடுக்கச் சொல்லுங்க. ஊரே கேக்கும்." இசையமைப்பாளர் இசைக்குறிப்புத் தாளை அவளிடம் நீட்டுகிறார். அந்த இடத்தில் வயலினுக்கும் கிட்டாருக்கும் பென்சிலால் ஒரே வரி எழுதியிருக்கிறது: 'அவள் பேசி முடிக்கும்வரை காத்திருக்கவும்.'