வலது கை

“நேத்து ராத்திரியும் நடந்தாரும்மா” என்றாள் மனைவி, கதவைத் திறந்ததுமே. “கூடத்துல செருப்புச் சத்தம். எந்திரிச்சு என் ரூம் தாழ்ப்பாள் சரியா இருக்கான்னு பாத்துட்டு, விடியுற வரைக்கும் உக்காந்தே இருந்தேன்.”

நடந்தவர் என்று சொல்லப்பட்டவரோ உள் அறைக் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்து, பேச்சும் போய், புரண்டு படுக்கவே ஆள் வேண்டும். அவராவது, செருப்பாவது, நடையாவது!

மசாஜ் செய்ய வந்தவள் எண்ணெய்ப் பாட்டிலை வெந்நீரில் வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். பாவம், புருஷன் எழுந்து நடக்க மாட்டாரா என்கிற ஏக்கம்தான் இப்படிச் செருப்புச் சத்தமாகக் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அவள் பார்க்காத வீடா!

தொழிலில் அவளுக்குக் ‘கைராசிக்காரி’ என்று பெயர். அந்தப் பெயரைக் கேள்விப்பட்டுத்தான் நோயாளியின் அக்கா அவளைத் தேடிப் பிடித்து இங்கே அனுப்பியிருந்தாள். அனுப்பியதோடு விட்டாளா? தினமும் போன் போட்டு, “என் தம்பி கை அசைஞ்சுதா, இல்லையா?” என்று உயிரை எடுத்தாள்.

அந்த வலது கைதான் கைராசிக்காரிக்கும் மானப் பிரச்சினை. கால் கூட லேசாக மடங்கத் தொடங்கிவிட்டது, கை மட்டும் அசைவேனா என்றது. இனிமேல் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டுப் போனதில் இவளுக்கு ரோஷம் வந்துவிட்டது.

“மசாஜ் பண்ணா என்னம்மா ஆகும்?” மனைவி கதவோரம் நின்றே கேட்டாள். கஞ்சி ஊட்டும் நேரம் தவிர கட்டில் பக்கம் வர மாட்டாள். கட்டியவரை இந்தக் கோலத்தில் பார்க்க மனசு தாங்கவில்லை போலும்.

“ரத்த ஓட்டம் நல்லா இருக்கும்க்கா. சதை இறுகாது, மூட்டு மடங்கிப் போகாது, ராத்திரி நிம்மதியா தூங்குவாரு. கூடவே பயிற்சியும் குடுத்தா, போன பலம் கொஞ்சம் கொஞ்சமா திரும்பும்.”

“வலது கைக்குமா?”

“அதுக்குத்தானே இந்தப் பாடு! உங்க கண்ணு முன்னாடியே அசைச்சுக் காட்டறேன், பாத்துக்கிட்டே இருங்க.”

மனைவியின் உதடுகள் ஓசையில்லாமல் அசைந்தன. சாமியைக் கும்பிடுகிறாள் என்று புரிந்ததும் கைராசிக்காரிக்கு நெஞ்சு இளகிவிட்டது.

“உங்க வேண்டுதல் வீண் போகாதுக்கா” என்று சொல்லிவிட்டு வேலையில் இறங்கினாள்.

ஜன்னலைச் சாத்தியிருந்ததால் அறையில் மதியமே சாயங்காலம் போல இருந்தது. தோளில் தொடங்கி, முழங்கையைச் சுற்றிப் பிடித்து, மணிக்கட்டு வரை நீவிக்கொண்டே வந்தாள். அவர் கண்கள் மட்டும் அவளைத் தாண்டிக் கதவோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. இந்த நிலைமையிலும் பெண்டாட்டி மேல் எவ்வளவு பிரியம் என்று தோன்றியது அவளுக்கு.

உள்ளங்கையைக் கட்டைவிரலால் அழுத்தியபோது, அவருடைய சுண்டுவிரல் துடித்தது.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி அழுத்தினாள். அடுத்த விரலும் மடங்கியது. ஐயோ, வந்துவிட்டதே! சந்தோஷத்தில் அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

இந்த மாதிரி நேரத்துக்கென்று அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் அசைவு தெரிந்ததும் வீட்டில் ரொம்ப நெருங்கினவர் கையை எடுத்து நோயாளியின் கைக்குள் வைத்துவிடுவாள். ‘என் கை வேலைக்கு வந்த கை, உடம்பு சொந்தக் கையைத்தான் தேடும்’ என்பாள். எத்தனையோ வீடுகளில் அந்த நிமிஷம் அழுகையும் சிரிப்புமாக முடிந்திருக்கிறது.

“அக்கா, ஓடி வாங்க!”

மனைவி அசையவில்லை. கைராசிக்காரியே போய் அவள் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். அந்தக் கை சில்லிட்டுப் போயிருந்தது.

“வேணாம்மா... அப்புறம் பாக்கலாம்.”

“அட, கட்டின புருஷன்கிட்ட என்னக்கா கூச்சம்!” அவள் கையை அவர் உள்ளங்கையில் வைத்தாள். “சார், இது யார் கைன்னு தெரியுதா? எங்க, பிடிங்க பாப்போம்!”

விரல்கள் மெதுவாக மூடின. உள்ளங்கையில் நிற்காமல் ஊர்ந்து மேலேறி, மணிக்கட்டைச் சுற்றி வளைத்து இறுக்கின. நகம் பதிகிற அளவுக்கு இறுக்கின.

மனைவி கத்தவில்லை, கையை உதறவும் இல்லை. கண்ணை மூடித் தலையைக் குனிந்தாள். அவளுடைய மறு கை தானாக உயர்ந்து முகத்தை மறைத்துக்கொண்டது.

கைராசிக்காரிக்குத் தலைகால் புரியவில்லை. “என்ன பிடி, என்ன பிடி! இருங்க, சாரோட அக்காவுக்கு உடனே சொல்லணும்” என்று போனை எடுத்தாள்.

“சொல்லாதீங்கம்மா. உங்க கால்ல விழறேன், யாருகிட்டயும் சொல்லாதீங்க.”

“ஏன்க்கா?”

“இந்தக் கை விழுந்த பிறகுதாம்மா நான் அடி வாங்காம இருக்கேன்.”